அரை மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் எங்களை விட்டுப் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மகள் எட்டாம் வகுப்பும் மகன் மூன்றாம் வகுப்பும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாட்கள் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் வாடகையும் கடனும் கட்ட முடிகிறது. காலை நாலரை மணிக்கு எழுந்தால் இரவு பதினொன்றரைக்குத்தான் படுக்கிறேன். மகனுக்குப் பள்ளியிலேயே காலை உணவு தருகிறார்கள் என்றாலும் நானே சமைத்துக் கொடுத்துத்தான் அனுப்புகிறேன். எனக்குக் காலையில் டீயோடு சரி. ஒரு வருடமாக உடம்பில் தெம்பே இல்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, முடி கொட்டுகிறது. மாதவிடாய் எட்டு நாட்கள் நீடிக்கிறது. இரண்டாம், மூன்றாம் நாட்களில் கட்டி கட்டியாகப் போகிறது. சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்துவிட்டு, அவர்கள் தூங்கியபின் அழுகிறேன். இவர்கள் இல்லையென்றால் என்றோ போய்ச் சேர்ந்திருப்பேன் என்றுகூடத் தோன்றுகிறது. கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், ஆனால் அங்கே போனதே இல்லை. “உனக்கென்று தினமும் அரை மணி நேரம் ஒதுக்கு, நடைப்பயிற்சி போ, தியானம் செய்” என்று செல்போனில் வரும் வீடியோக்கள் எல்லாம் சொல்கின்றன. அந்த அரை மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? நான் சோம்பேறியாகிவிட்டேனா, டாக்டர்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சோம்பேறி இல்லை. உங்களுக்கு ரத்தசோகை இருக்கக்கூடும் என்று நான் வலுவாகச் சந்தேகிக்கிறேன். எட்டு நாள் நீடிக்கும் உதிரப்போக்கு, கட்டிகள், படியேறும்போது படபடப்பு, முடி உதிர்தல், ஓய்வெடுத்தாலும் தீராத களைப்பு ஆகிய இவை அனைத்தையும் ஒருவர் ஒரே மூச்சில் சொன்னால், எந்த மருத்துவரும் அவருடைய கீழிமையை இழுத்துப் பார்ப்பார். நீங்களும் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பார்க்கலாம். இமையின் உட்புறம் நல்ல சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் சந்தேகம் கூடுகிறது. சிவப்பாகவே தெரிந்தாலும் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். லேசான ரத்தசோகையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இத்தனை பேருக்கு இருப்பதாலேயே இது ஒரு நோயாகத் தெரிவதில்லை. “பொம்பளை உடம்பு என்றால் அப்படித்தான்” என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் தையல் மோட்டாரிடம் வேகத்தை எதிர்பார்ப்பது போல, பிராணவாயுவைப் போதிய அளவு சுமக்க முடியாத ரத்தத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் செக்கிங் டேபிள் முன் நின்று வேலை செய்கிறீர்கள். அந்த நெஞ்சுப் படபடப்பு, குறையை ஈடுகட்ட இதயம் வேகமாக அடித்துக்கொள்வதாலும் இருக்கலாம்.

ஆகவே நடைப்பயிற்சி, தியானம், அதிகாலை எலுமிச்சைத் தண்ணீர் ஆகியவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அவை தீங்கானவை என்று சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே பத்தொன்பது மணி நேரம் விழித்திருக்கும் ஒருவரிடம் இன்னும் ஒரு கடமையைச் சேர்த்துவிட்டு, அதைச் செய்ய முடியாதபோது குற்ற உணர்ச்சியையும் கூடவே கொடுக்கும் அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் விஷயத்தில் முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து, தினசரி வேலைகளில் சிலவற்றைக் கழிக்க வேண்டும். புதிதாகச் சேர்க்க வேண்டியவை ஏதேனும் இருந்தால் அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சம்பளத்திலிருந்து 0.75 சதவீதமும் கம்பெனியிலிருந்து 3.25 சதவீதமும் அந்தக் கணக்குக்குப் போகின்றன. அதாவது, இத்தனை நாளும் பணம் கட்டிய மருத்துவத்தை ஒருமுறைகூட நீங்கள் பயன்படுத்தவில்லை. உங்களுக்கு மட்டுமல்லாமல் இரு பிள்ளைகளுக்கும் அதில் சிகிச்சை உண்டு. கம்பெனியில் உங்கள் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளின் பெயர்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் அப்போதே பாருங்கள். பவர் டேபிள் எனப்படும் சிறு தையல் கூடங்களில் வேலை செய்யும் உங்கள் தோழிகளில் பலருக்கு இந்த வசதி இருக்காது. அவர்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். அங்கே இந்தப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை இலவசம்.

மருத்துவரிடம் களைப்பை மட்டும் சொல்லாதீர்கள். “எட்டு நாள் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறது” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு அதைக் கடைசியில் சொன்னாலோ சொல்லாமலே விட்டாலோ, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது. முழு ரத்த அணுக்கள் பரிசோதனை, சர்க்கரை, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவையும் ரத்த அழுத்தமும் பார்க்கப்பட வேண்டும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் களைப்பும் முடி உதிர்வும் அதிக உதிரப்போக்கும் வரும் என்பதால் அதை விட்டுவிடக் கூடாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை எல்லா இடங்களிலும் கிடைக்காது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கர்ப்பப்பையில் நார்த்திசுக் கட்டி போன்ற காரணம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க மகப்பேறு மருத்துவர் ஸ்கேன் எழுதுவார். 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் செய்கிறார்கள். போன இடத்தில் அதையும் கேட்டு முடித்துவிட்டால், இன்னொரு நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்காது.

விடுப்பு என்றதும் உங்கள் மனம் கூலிக் கணக்குப் போடும் என்று தெரியும். இ.எஸ்.ஐ. மருத்துவர் ஓய்வு தேவை என்று சான்று கொடுத்தால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சராசரிக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு, உரிய ஆறு மாதங்களில் 78 நாட்களாவது உங்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் வராது. எனவே பரிசோதனைக்குப் போகும் அந்த ஒரு நாளின் இழப்பை நீங்கள்தான் ஏற்க வேண்டியிருக்கும். அதை நான் மறைக்க விரும்பவில்லை. அப்படியிருந்தும் போகச் சொல்கிறேன்.

ரத்தசோகை உறுதியானால் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் நன்றாக உடலில் சேரும். குமட்டினால் உணவுக்குப் பின் சாப்பிடலாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். சிலருக்கு மலச்சிக்கல் வரும். பலர் இரண்டு வாரத்தில் மாத்திரையை நிறுத்துவது இதனால்தான். நிறுத்துவதற்குப் பதிலாக மருத்துவரிடம் சொன்னால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடும்படியோ வேறு மாத்திரைக்கோ மாற்றித் தருவார். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் சேர்த்து விழுங்கக் கூடாது. ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டபிறகும் ஏறக்குறைய மூன்று மாதங்கள் தொடர வேண்டும். தெம்பு வந்ததும் நிறுத்திவிட்டால் சேமிப்பு நிரம்பாமல், அடுத்த சில மாதவிடாய்களில் பழைய நிலைக்கே வந்துவிடுவீர்கள். உதிரப்போக்கின் காரணத்தைச் சரிசெய்யாமல் இரும்பை மட்டும் விழுங்கிக்கொண்டிருப்பதும் பயன் தராது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ‘ரத்தம் ஊறும் டானிக்’கும், பக்கத்து வீட்டார் கொடுக்கும் மாதவிடாயை நிறுத்தும் மாத்திரையும் வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தாலோ ஷிப்ட் முடியட்டும் என்று காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அடுத்து, உங்கள் காலைப் பொழுது. மகனுக்குப் பள்ளியில் காலை உணவு கிடைத்தும் நீங்களே சமைத்துக் கொடுத்து அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். தாய் இருக்கும்போது பிள்ளை வெளியே சாப்பிடுவதா என்ற எண்ணம் அதில் இருக்கலாம் என்று நினைக்கிறேன். 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம், அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு பொங்கலோ உப்புமாவோ கிச்சடியோ சாம்பாருடன் தருகிறது. அதில் தாழ்வு எதுவும் இல்லை. சக மாணவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதைப் பெரும்பாலான பிள்ளைகள் விரும்பவே செய்கிறார்கள். மகனை அங்கே சாப்பிட விடுங்கள். அதில் மிச்சமாகும் நேரத்தில் நீங்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஆம், உட்கார்ந்து, தட்டில் போட்டு. பிள்ளைகள் மிச்சம் வைத்ததை அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வது ஒரு வேளைச் சாப்பாடாகாது.

என்ன சாப்பிடுவது என்பதற்குப் புதிய சமையல் எதுவும் தேவையில்லை. காலையில் உலை வைக்கும்போதே இரண்டு முட்டைகளை வேகப் போடலாம். அல்லது முந்தின இரவு கரைத்து வைத்த கம்பங்கூழோ ராகிக்கூழோ குடித்துவிட்டு ஒரு கைப்பிடி வேர்க்கடலை சாப்பிடலாம். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பைத் தண்ணீர்ச் சாம்பாராக நீட்டாமல், வாரத்தில் சில நாட்களாவது கெட்டியாகக் கடைந்து, முருங்கைக்கீரையோடு சேருங்கள். அசைவம் சாப்பிடுபவராக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும்போது கொஞ்சம் ஈரலோ சுவரொட்டியோ (ஆட்டின் மண்ணீரல்) சேர்த்து வாங்குவது நல்லது. சுவரொட்டி ரத்தத்துக்கு நல்லது என்று நம் பாட்டிமார் சொன்னதில் உண்மை இருக்கிறது. பீட்ரூட்டின் நிறத்தைப் பார்த்துச் சொல்லப்படுவதில் அந்த அளவு உண்மை இல்லை. பீட்ரூட்டில் இரும்பு குறைவுதான். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடலில் எளிதில் சேராது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் குறைவாகச் சேரும். டீயை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். பதினோரு மணி டீ பனியன் கம்பெனியின் உயிர்நாடி என்று எனக்கும் தெரியும். சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும்; டீயோடு வாங்கும் பன்னுக்குப் பதிலாகச் சில நாட்களாவது பொட்டுக்கடலையோ சுண்டலோ டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: கழிப்பறைக்குப் போகத் தயங்கி மதியம் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்களா? உங்கள் தொழிலில் இருக்கும் பெண்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். சிறுநீர்த்தொற்று திரும்பத் திரும்ப வருவதற்கு அது ஒரு காரணம்.

தூக்கத்துக்கு வருவோம். பதினொன்றரை முதல் நாலரை வரை ஐந்து மணி நேரம். உங்கள் வயதில் ஏழு மணி நேரமாவது வேண்டும். இந்தப் பற்றாக்குறை ஒன்றே எரிச்சலுக்கும் அழுகைக்கும் போதுமான காரணம். ரத்தசோகையும் சேர்ந்துகொண்டால் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை ஷிப்டை அடியோடு விடச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. வாடகையை நான் கட்டப்போவதில்லை. ஆனால் சிகிச்சை நடக்கும் இந்தச் சில மாதங்களுக்கு மட்டுமாவது ஐந்து நாட்களை மூன்றாகக் குறைக்க முடியுமா, அந்த இடைவெளியைக் கடன் தவணையைத் தள்ளிப்போட்டோ வேறு வழியிலோ சமாளிக்க முடியுமா என்று ஒரு தாளில் எழுதிக் கணக்குப் பாருங்கள். அதிகாலை நாலரை மணிக்கு எழுவது தண்ணீர் வரும் நாட்களுக்கு மட்டும் தேவையா, தினமும் தேவையா என்பதையும் யோசியுங்கள். காலைச் சமையல் குறைந்தால், மற்ற நாட்களில் ஐந்தரைக்கு எழுந்தாலும் போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரவில் பிள்ளைகள் தூங்கியபின் செல்போன் பார்ப்பதைப் பற்றி உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன். நாள் முழுவதிலும் யாரும் உங்களிடம் எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றாகத்தான் இருக்கும். அதையே பத்து மணிக்கு முன்னால் கொண்டுவர ஏதாவது வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அந்த வழிகளில் ஒன்று பிள்ளைகள். பள்ளிச் சீருடை துவைப்பது, மறுநாளைக்குக் காய் நறுக்குவது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது ஆகியவை இப்போது உங்கள் இரவு வேலைகளாக இருந்தால், அவற்றைப் பங்கு போடுங்கள். பங்கு போடும்போது எட்டாம் வகுப்பு மகளிடமே எல்லாவற்றையும் கொடுத்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை நீங்கள் செய்யாதீர்கள். எட்டு வயதுப் பையனால் துணி மடிக்கவும் தட்டு கழுவவும் முடியும். மகள் வீட்டின் இரண்டாவது தாயாகிவிட்டால், அடுத்த ஆண்டுகளில் அவளுடைய படிப்பும் தூக்கமும்தான் அதற்கு விலையாகும்.

உடற்பயிற்சி இப்போது வேண்டாம் என்றேன். ஆனால் செக்கிங் டேபிளில் நாள் முழுவதும் நிற்பதால் வரும் கால் வலிக்கும் வீக்கத்துக்கும் சிலவற்றைச் செய்யலாம். ஒரு காலைச் சிறு பலகையின் மேல் வைத்து, அவ்வப்போது கால் மாற்றி நில்லுங்கள். நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் தரையில் படுத்துக் கால்களைச் சுவரில் சாய்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். பிள்ளைகளோடு பேசிக்கொண்டே இதைச் செய்யலாம். ரத்தம் தேறியபிறகு, பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் வேக நடையையே வாரத்துக்கு 150 நிமிடக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி, “இவர்கள் இல்லையென்றால் என்றோ போய்ச் சேர்ந்திருப்பேன்” என்று நீங்கள் எழுதிய வரி. அதை வெறும் அலுப்பு என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. களைப்பின் உச்சத்தில் இப்படிப் பலர் சொல்வதுண்டு. ஆனால் சாக வேண்டும் என்ற எண்ணம் அடிக்கடி வருகிறதா, எப்படி என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறதா என்று உங்களை நீங்களே நேராகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆம் என்றால், ரத்தப் பரிசோதனைக்குக்கூடக் காத்திராமல் இன்றே 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். அப்படி இல்லாவிட்டாலும், இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்றி மனம் சோர்ந்தே இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அதற்குச் சிகிச்சை உண்டு. அதோடு, உங்கள் லைன் வீட்டிலோ வேலையிடத்திலோ நம்பிக்கையான ஒரு பெண்ணிடமாவது உங்கள் உடல்நிலையைச் சொல்லி வையுங்கள். கணவரைப் பற்றிக் கேட்பார்களே என்று எல்லாரிடமிருந்தும் விலகியிருக்கும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். கேட்பவர்களை விட்டுவிட்டு, கேட்காதவரைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம்.

இன்னொன்று, மருத்துவர் பேசும் விஷயமா என்று நீங்கள் நினைக்கலாம். கணவரிடமிருந்து உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் கேட்டிருக்கிறீர்களா? முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் இருந்த இந்த உரிமை, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் இருக்கிறது. முறையான விவாகரத்து ஆகாவிட்டாலும் கேட்கலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, அவர்களுடைய வருமானம் எவ்வளவாக இருந்தாலும், வழக்கறிஞர் இலவசம். 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். மாதம் ஒரு சிறு தொகை வந்தாலும் வாரத்தில் ஓரிரு அரை ஷிப்டுகள் குறையும் என்றால், அதுவும் என் மருந்துச் சீட்டில் சேர வேண்டியதுதான்.

அடுத்த மாதவிடாய் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது, ஒவ்வொரு நாளும் எத்தனை நாப்கின் மாற்றினீர்கள் என்பதை நாள்காட்டியிலேயே குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். அளவுகளையும் மருத்துவர் எழுதிய மருந்துகளின் பெயர்களையும் எனக்கு எழுதுங்கள். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருந்தால் என் பதிலுக்காகக் காத்திராமல், அன்றே அந்த அறிக்கையோடு மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.